அடுகோடிக்குப் போன படகு

எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் ஏழு மாதமாக ஒரு போர்ப்படகு நின்றது. நாங்கள் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். எனக்கு முழங்கால் வலி, என் வீட்டுக்காரர் எத்திராஜுக்கு இடுப்புப் பிடிப்பு. ஆனால் படகுக்கு மட்டும் ஒன்றும் ஆகிவிடக் கூடாது. மர்பி டவுனில் எங்கள் வீடு இரண்டு அறையும் ஒரு கூடமும். கூடத்தில் பாதியை மேஜை அடைத்துக்கொண்டது, மேஜை முழுவதையும் படகு அடைத்துக்கொண்டது. படகு என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம், ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். அதைச் சுற்றிக் கிடந்த டப்பா, பசை, பிரஷ், உப்புத்தாள், பூதக்கண்ணாடி எல்லாவற்றையும் வைத்து ஒரு தள்ளுவண்டிக் கடை போடலாம்.

யாராவது வந்து, "அண்ணா பொம்மை செய்யறாரா?" என்று கேட்டுவிட்டால் போச்சு. "பொம்மை இல்ல. ஸ்கேல் மாடல்" என்பார். நிஜப் படகில் முப்பத்தைந்து அங்குலம் இருப்பது இங்கே ஒரு அங்குலம் என்று பால்காரரை நிறுத்தி வைத்து விளக்கியிருக்கிறார். நான் யாருக்கும் எதையும் விளக்கவில்லை. அந்தப் படகு எதற்கு என்று சொன்னால் எங்கள் மானம் போகும். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்ல வேண்டிய இடத்தில், அதைச் சொல்ல முடியாத மனிதர் நானூற்றுச் சொச்சம் துண்டுகளை ஒட்டிக்கொண்டிருந்தார்.

எத்திராஜ் பிறந்தது, வளர்ந்தது, என்னைக் கட்டியது எல்லாம் மர்பி டவுனில்தான். ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்தார். பத்தொன்பது வயதில் ஒரு தொழிற்சாலையின் டூல் ரூமில் சேர்ந்து, நாற்பத்தொரு வருஷம் இரும்பை மைக்ரான் கணக்கில் சீவிவிட்டு, இரண்டு வருஷத்துக்கு முன்பு ரிடையர் ஆனார். ரிடையர் ஆனவர் அளவுகோலையும் அங்கேயே வைத்துவிட்டு வந்திருக்கலாம். வரவில்லை. நான் சுடும் தோசை ஓரத்தில் ஒரு கனமாகவும் நடுவில் ஒரு கனமாகவும் இருக்கிறது என்பதை வெர்னியர் வைத்துக் காட்டியவர் அவர்.

டூல் ரூமில் அவரைப் பற்றி ஒரு கதை உண்டு. சேர்ந்த புதிதில், அவர் போட்ட ஒரு துளை அரை மில்லிமீட்டர் தள்ளி விழுந்துவிட்டது. வேறு யாராவது என்றால் "சாரி சார்" என்று தலையைச் சொறிந்து முடித்திருப்பார்கள். இவர் வாயைத் திறக்கவில்லை. ஷிஃப்ட் முடிந்த பிறகும் உட்கார்ந்து, அதே பாகத்தைப் புதிதாகச் செய்து, சூப்பர்வைசர் மேஜையில் வைத்துவிட்டுப் பேசாமல் வந்துவிட்டார். அங்கே அதற்குப் பாராட்டு கிடைத்தது. அந்தப் பழக்கத்தை அப்படியே வீட்டுக்கும் கொண்டுவந்தது என் தலையெழுத்து.

முப்பத்தொரு வருஷத்தில் இந்த மனிதர் என்னிடம் ஒரு முறைகூடத் "தப்புதான்" என்று சொன்னதில்லை. ஆனால் என் சமையலறையில் இருக்கும் பாதிச் சாமான் சண்டையில் வந்தது. பித்தளை முறுக்கு அச்சு, என் அம்மாவின் முறுக்கைக் கல் என்று சொன்னதற்கு. மரப்பிடி போட்ட தேங்காய்த் துருவி, தீபிகா பிறந்த அன்று என்னை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு யூனியன் மீட்டிங்குக்குப் போனதற்கு. அடுப்பு ஸ்டாண்டு எதற்கென்று எனக்கே மறந்துவிட்டது, அவருக்கு ஞாபகம் இருக்கும். இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தால் மூன்றாம் நாள் மேடையில் ஒரு புதுச் சாமான் வந்து உட்கார்ந்திருக்கும். நானும் எடுத்துப் புழங்க ஆரம்பித்துவிடுவேன். அதோடு அந்தச் சண்டை முடிந்தது என்று அர்த்தம்.

என் தம்பி ரவி விஷயத்தில் அந்த வேலை பலிக்கவில்லை.

ரவி என்னைவிட ஐந்து வயது சின்னவன். அப்பாவும் அம்மாவும் போன பிறகு எனக்குப் பிறந்த வீடு என்று இருப்பது அவன் ஒருத்தன். இருபத்திரண்டு வருஷம் ராணுவத்தில், எஞ்சினியர் ரெஜிமெண்டில் இருந்தான். அதில் எட்டு வருஷம் அஸ்ஸாமில், பிரம்மபுத்திராவில் படகு ஓட்டினான். இப்போது அடுகோடியில் ஒரு கம்பெனியில் செக்யூரிட்டி சூப்பர்வைசர். வீடும் அங்கேயேதான்.

ஆறு வருஷத்துக்கு முன்பு ஸ்ரீராம்புரத்தில் சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்து. மத்தியானப் பந்தி. ரவி பக்கத்து இலைக்காரரிடம், வெள்ளத்தில் மூழ்கிய ஒரு பள்ளிக்கூடத்தின் கூரையிலிருந்து நாற்பது பேரைப் படகில் இறக்கிய கதையைச் சொல்லிக்கொண்டிருந்தான். எதிர்வரிசையில் என் வீட்டுக்காரர். நாக்கு சும்மா இருக்குமா?

"நீ இன்னா மிலிட்டரி, ரவி. ஆத்துல பரிசல் தள்ளினதுக்குப் பென்ஷன் வாங்கற ஆளு. துப்பாக்கிய கிட்டக்க பாத்துக்கிறியா நீ?"

பந்தியே சிரித்தது. ரவி சாதம் பாதி இருக்கும்போதே இலையை மடித்துவிட்டு எழுந்து, கையைக் கழுவிக்கொண்டு போய்விட்டான். இலையில் சோறிருக்க எழுந்து போவது எங்கள் சனங்களில் சின்ன விஷயம் இல்லை. அன்றைக்குப் போனவன்தான். பொங்கலுக்கு வரவில்லை, இவருக்குக் கண் ஆபரேஷன் ஆனபோது வரவில்லை. அவன் மனைவி விஜி மட்டும் வந்து பார்த்துவிட்டுப் போவாள். நான் போன் செய்தால், "நல்லா இருக்கேன்க்கா. இரு, விஜிகிட்ட குடுக்கறேன்" என்பான். ஆறு வருஷமாக அவன் என்னோடு பேசியதையெல்லாம் சேர்த்தால் ஒரு பக்கம் வராது.

இவர் மூன்றாம் நாள் ஏதாவது செய்து கொடுத்திருப்பார். ஆனால் கொடுக்கும் தூரத்தில் ஆள் இல்லையே.

இந்த வருஷம் பிப்ரவரியில் எங்கள் மகள் தீபிகாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை பெயர் கிஷோர், முகூர்த்தம் அடுத்த தை மாதம். நிச்சயத்தின்போது மாப்பிள்ளையின் அம்மா கேட்ட முதல் கேள்வியே, "தாய்மாமன் எங்க, காணோமே?" நான் டியூட்டி என்று புளுகினேன். நிச்சயத்தில் புளுகிவிடலாம். கல்யாணத்தில் என்ன செய்வது? பெண்ணுக்கு முதல் மாலை போட்டு, கையைப் பிடித்து மணமேடைக்கு அழைத்து வருவது தாய்மாமன். முதல் பத்திரிகையே அவனுக்குத்தான் வைக்க வேண்டும். அவனுக்கு வைக்காமல் வேறு யார் வீட்டுப் படியும் ஏற முடியாது. தீபிகா ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டாள். "மாமா வரலைன்னா நான் மேடை ஏற மாட்டேன். ரிஜிஸ்டர் ஆபீஸ்ல கையெழுத்துப் போட்டுக்கறேன்."

நான் இவரைப் பிடித்துக்கொண்டேன்.

"நீங்க ஒரு நடை அடுகோடிக்குப் போங்க. 'தெரியாம சொல்லிட்டேன் ரவி'னு ஒரு வார்த்தை சொல்லுங்க. முடிஞ்சுது."

"ம்."

"ம்முன்னா?"

"பாக்கலாம்."

பார்க்கலாம் என்றவர் பதினைந்து நாள் கழித்து கூரியர்காரரிடமிருந்து ஒரு பெட்டியை வாங்கி மேஜைமேல் வைத்தார். மேலே பச்சை நிறத்தில் ஒரு படகு, இரண்டு பக்கமும் இயந்திரத் துப்பாக்கி, வெள்ளைக்காரச் சிப்பாய்கள்.

"இன்னாங்க இது?"

"ரவியோட போட்டு."

அது ரவியின் படகே இல்லை. வியட்நாம் சண்டையில் அமெரிக்காக்காரன் ஆற்றில் ஓட்டிய படகு. நம் ராணுவத்துப் படகுக்கு யாரும் இப்படி ஒட்டிச் செய்யும் கிட் போடுவதில்லையாம். "இத்த அதுவா மாத்தணும். அவ்ளோதான்" என்றார். அவ்வளவுதானாம். அடுகோடிக்குப் போய்ச் சேர ஆட்டோவில் முக்கால் மணி நேரம். இவர் வியட்நாம் வழியாகப் போக முடிவு செய்திருந்தார்.

பெட்டிக்குள் படகு என்று எதுவும் இல்லை. பிளாஸ்டிக் சட்டங்கள் இருந்தன. ஒவ்வொரு சட்டத்திலும் வேர்க்கடலை அளவில், மிளகு அளவில், கடுகு அளவில் துண்டுகள். கைப்பிடிக் கம்பிகளுக்கு மட்டும் காகிதம் போல மெல்லிய பித்தளைத் தகடு. ஒவ்வொரு துண்டையும் வெட்டி, பிசிறு தேய்த்து, இடுக்கியில் பிடித்து, ஒட்டி, காயும் வரை மூச்சை அடக்கிக்கொண்டு பார்க்க வேண்டும். அந்த நேரத்தில் நான் மிக்ஸி போட்டால் குற்றம்.

ரவியின் படகு எப்படி இருந்தது என்பதற்கு எங்களிடம் இருந்த ஒரே ஆதாரம் ஆல்பத்தில் இருந்த ஒரு போட்டோ. படகின் முன்பக்கத்தில் ரவியும் இன்னும் இரண்டு பேரும், எல்லாம் மங்கல். அதை ஜெராக்ஸ் கடையில் கொடுத்து நாலு மடங்கு பெரிதாக்கிக்கொண்டு வந்தார். மங்கலும் நாலு மடங்கு ஆனது.

"ரவி இன்னா ஒசரம்?" என்று கேட்டார்.

"அஞ்சடி ஆறு."

"ஆறா, ஆறரையா?"

"தம்பிய நான் டேப்பு வெச்சா வளத்தேன்?"

போட்டோவில் ரவி எத்தனை மில்லிமீட்டர், கைப்பிடிக் கம்பி எத்தனை மில்லிமீட்டர் என்று அளந்து, ரவியின் உயரத்தை வைத்து நிஜக் கம்பியின் உயரத்தைக் கண்டுபிடித்து, அதை முப்பத்தைந்தால் வகுத்து, ஆறு பக்கம் கணக்குப் போட்டார். அந்த ஆளுக்கே ஒரு போன் அடித்தால் அரை நிமிஷத்தில் சொல்லிவிடுவான். சொன்னேன். காது கேட்காதது போல இருந்தார்.

துப்பாக்கிகளையெல்லாம் எடுத்துவிட்டார். ரவியின் படகில் துப்பாக்கி இல்லை என்பது பந்தியில் இவரே சொன்னதுதானே. துப்பாக்கி இருந்த இடத்து ஓட்டைகளைப் புட்டிப் பசை வைத்து அடைத்துத் தேய்க்க ஒரு மாதம். பொம்மைக் கார் டயர்களைக் கழற்றிப் படகின் ஓரத்தில் தொங்கவிட, என் தையல் மெஷின் நூலை முறுக்கிக் கயிறு செய்தார். கருப்பு நூல் கண்டு முழுவதும் போனது.

மே மாதத்தில் ஒரு சாயங்காலம், கயிறு கட்டும் கொண்டி ஒன்று இடுக்கியிலிருந்து தெறித்துவிட்டது. மூன்று மில்லிமீட்டர் நீளம் இருக்கும். "யாரும் நடக்காதீங்க" என்று கத்தினார். ஆபீஸ் விட்டு வந்த தீபிகா செருப்போடு வாசலிலேயே நின்றாள். நான் அடுப்பில் பாலை வைத்துவிட்டுக் கூடத்தின் நடுவில் ஒற்றைக் காலில் நின்றேன். "உங்க கையப் பாருங்க" என்று முதலிலேயே சொன்னேன். அவர் டார்ச்சை எடுத்துக்கொண்டு பீரோவுக்கு அடியில் போய்விட்டார். பால் பொங்கி அடுப்பு அணைந்தது. ஒன்றரை மணி நேரம் கழித்து அந்தக் கொண்டி அவர் முழங்கையில் ஒட்டிக்கொண்டிருந்ததை நான்தான் பார்த்தேன். வாங்கிக்கொண்டு போய் ஒட்டினார். ஒரு வார்த்தை? ம்ஹும். மறுநாள் பால் பாத்திரத்துக்குப் புதுக் கைப்பிடி வந்தது.

ஆகஸ்டில் படகு முழுசாக நின்றது. பச்சை வண்ணம் ஒரே சீராக, துளி பிசிறு இல்லாமல். பொய் சொல்வானேன், எனக்கே அது பிடித்துப்போனது. நல்லவேளை முடிந்தது என்று மேஜையைத் துடைக்கத் துணியை எடுத்துக்கொண்டு வந்தால், படகெல்லாம் துரு. பதறிப்போய்விட்டேன். அவர் நிதானமாக இன்னொரு இடத்தில் துருவை வைத்துக்கொண்டிருந்தார்.

"புதுசா பெயிண்ட் அடிச்சத எதுக்கு அழுக்காக்கறீங்க?"

"வருஷக் கணக்கா தண்ணில கெடந்த போட்டு. கல்யாணப் பொண்ணு மாதிரியா இருக்கும்?"

அடுத்தது சேறு. அல்சூர் ஏரிக்கரையிலிருந்து மண் எடுத்து வந்து என் டீ வடிகட்டியில் சலித்தார். சலித்த பிறகுதான் பிரம்மபுத்திராச் சேறு என்ன நிறம் என்ற சந்தேகம் வந்தது. அடுத்த தெரு அபார்ட்மெண்டில் காவலுக்கு இருக்கும் அஸ்ஸாம்காரப் பையனைத் தேடிப் போய், அரைகுறை இந்தியில் பேசி, அவன் ஊர் ஆற்றின் படத்தை போனில் பார்த்துவிட்டு வந்து, மண்ணில் சாம்பலைக் கலந்தார். அந்த ஆற்றில் எட்டு வருஷம் கிடந்த என் தம்பி ஏழு கிலோமீட்டரில் உட்கார்ந்திருக்கிறான். எனக்கு அன்றைக்குத் தலையில் அடித்துக்கொள்ளக் கூடத் தெம்பில்லை.

கடைசியில் சின்னதாக ஒரு ரவி. ஒரு வெள்ளைக்காரச் சிப்பாயின் தொப்பியைச் சீவி, முகத்துக்கு நம் நிறம் பூசி, கையைச் சுக்கானில் வைத்தார். "மீசை இருந்துதா அப்போ?" என்றார். இருந்தது என்றேன். ஒற்றை முடி பிரஷில் மூன்று தடவை மீசை வரைந்து இரண்டு தடவை அழித்தார்.

பத்திரிகை அச்சாகி வந்தது. விஜயதசமி அன்று ரவிக்கு முதல் பத்திரிகை வைப்பதென்று நான் நாள் குறித்துவிட்டேன். அதற்கு முந்தைய நாள் ஆயுத பூஜை.

எங்கள் வீட்டில் ஆயுத பூஜை என்றால் இவருடைய பூஜைதான். காலையிலேயே தன் அரம், சுத்தி, வெர்னியர், ஸ்பேனர் எல்லாவற்றையும் துடைத்து வரிசையாக வைப்பார். அந்த வரிசையில் என் தையல் மெஷின், மிக்ஸி, தீபிகாவின் லேப்டாப் எல்லாம் சேரும். வாசலில் ஸ்கூட்டர். வரிசையாகச் சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டு வருவது என் வேலை. முப்பத்தொரு வருஷமாகச் செய்கிறேன். அன்றும் அவர் வரிசை வைத்துவிட்டுக் குளிக்கப் போனார். நான் தண்ணீர் விட்டுக் குழைத்த சந்தனத்தை எடுத்துக்கொண்டு அரத்தில் தொடங்கினேன். சுத்தி, வெர்னியர், இடுக்கி, படகு, மிக்ஸி. படகுக்கு முன்பக்கத்தில் மூன்று விரலால் நல்ல பட்டையாகச் சந்தனம் இழுத்து, நடுவில் குங்குமம், மேல்மூடியில் ஒரு பொட்டு. வண்டி என்றால் வைக்காமல் விடுவேனா? படகும் வண்டிதானே.

தலையைத் துவட்டிக்கொண்டு வந்தவர் அப்படியே நின்றார். துண்டு கையில் இருந்து நழுவியது.

"இன்னா பண்ணிக்கிற நீ?"

"பொட்டு வெச்சேன்."

பளபளப்பு இல்லாத அந்தப் பெயிண்ட் ஈரத்தை உறிஞ்சிவிடுமாம். மேலே பூச வேண்டிய வார்னிஷை அவர் பூஜை முடிந்த பிறகு அடிப்பதாக இருந்தாராம். அவசரமாகப் பஞ்சால் ஒற்றினார். சந்தனம் வந்தது, குங்குமம் உள்ளே இறங்கியிருந்தது. ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தார். பச்சை வந்தது, சிவப்பு வரவில்லை. படகின் மூக்கு ரோஸ் கலரில் சிரங்கு பிடித்தது போல ஆனது.

"ஏழு மாசம்" என்றார். கத்தவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "உனக்கு ஒரு பீஸ காய வெச்சிக்கிதா, பூஜைக்கு வெச்சிக்கிதான்னுகூடத் தெரியாதா?"

"வரிசையில இருந்துச்சு, வெச்சேன். தள்ளி வெக்கறதுக்கு இன்னா உங்களுக்கு?"

"தள்ளித்தான் வெச்சேன். நாலு விரக்கட தள்ளி."

"நாலு விரக்கட உங்க டூல் ரூம்ல பெரிய தூரம். எனக்குப் பக்கம்தான். சாமி காரியத்துல இன்னா குத்தம்?"

தீபாவளிக்குப் பிறகு போகலாம், மூன்று வாரத்தில் முன்பக்கத்தை மறுபடி செய்துவிடுகிறேன் என்றார். அதெல்லாம் நடக்காது என்றேன். விஜயதசமியை விட்டால் எனக்கு நாள் இல்லை. இருநூறு பத்திரிகை வீட்டில் தூங்குகிறது. நீங்கள் வராவிட்டால் நான் தட்டை எடுத்துக்கொண்டு தனியாகப் போவேன் என்றேன். அன்று முழுக்க இருவரும் பேசவில்லை. பொரிகடலையைக்கூட ஆளுக்கொரு கிண்ணத்தில் தின்றோம்.

மறுநாள் காலையில் அவர் படகைக் குக்கர் வந்த அட்டைப் பெட்டிக்குள் வைத்து, சுற்றிலும் துணி அடைத்து, மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினார். நான் தாம்பூலத் தட்டும் பத்திரிகையுமாகப் பக்கத்தில். ஆட்டோவின் இரண்டு பக்கமும் வாழைக்கன்று கட்டியிருந்ததால் வெளியே ஒன்றும் தெரியவில்லை. தெருவெல்லாம் உடைத்துப் போட்ட பூசணிக்காய். ஒவ்வொரு பூசணிக்காய்க்கும், ஒவ்வொரு மேட்டுக்கும் இவர் "நிதானா, நிதானா" என்று கன்னடத்தில் கெஞ்சினார். ரோட்டில் மேடு போட்டது நான் இல்லை சார் என்றார் ஆட்டோக்காரர். ஓசூர் ரோடு வருவதற்குள் மூன்று பேருக்கும் பொறுமை தீர்ந்துபோயிருந்தது.

விஜி கதவைத் திறந்தாள். "வாங்கண்ணா, வாங்கண்ணி" என்று தண்ணீர் கொடுத்தாள். ரவி உள்ளேயிருந்து பனியனோடு வந்தான். தலை பாதி நரைத்திருந்தது. "வாங்க மாமா" என்றான் இவரிடம். என்னிடம், "வாக்கா" என்றான். உட்கார்ந்தான். மின்விசிறி மட்டும் சுற்றியது.

இவர் பெட்டியைத் திறந்து படகை எடுத்து டீப்பாய்மேல் வைத்தார். ஒரு வார்த்தை சொல்ல வேண்டுமே, சொல்லவில்லை. டூல் ரூமில் சூப்பர்வைசர் மேஜையில் வைத்த மாதிரி வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார்.

ரவி படகையே பார்த்துக்கொண்டிருந்தான். கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு குனிந்தான். படகைச் சுற்றி மெல்ல வந்தான்.

"ரெயிலிங் ரெண்டு வரிசை மாமா" என்றான். "நீங்க ஒண்ணு வெச்சிக்கிறீங்க."

"போட்டோல ஒண்ணுதான் தெரியுது."

"கீழ் வரிசை ஆளுங்க காலுக்குப் பின்னாடி இருக்கு. டயர் ஆறு. இங்க நாலு. சுக்கான் நடுவுல வரணும். இது இன்னா, எனக்கு மீசை? அப்போ எனக்கு ஏது மீசை? போட்டோல தெரியறது வெயில்ல விழுந்த மூக்கு நெழல்."

"உங்க அக்காதான் இருந்துச்சுன்னா."

"முன்னாடி இன்னா இது ரோஸ் கலரு?"

"உங்க அக்காதான்."

நான் பூஜைப் பொட்டு என்றதும் விஜி புரிந்துகொண்டு சிரித்தாள். ரவி சிரிக்கவில்லை. "நாங்களும் வெப்போம். முன்னாடி வெக்க மாட்டோம், தண்ணில போயிடும். எஞ்சின் மூடி மேல வெப்போம்" என்றான். பிறகு இரண்டு பேரும் எஞ்சினைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். தண்ணீர் எவ்வளவு ஆழம் இருந்தால் அந்தப் படகு போகும், மணல் மேட்டில் ஏறிவிட்டால் எப்படி இறக்குவீர்கள், கயிறு என்ன கனம். இவர் பாக்கெட்டிலிருந்து கணக்கு நோட்டை எடுத்துக் குறித்துக்கொண்டார். ஆறு வருஷம் முகம் பார்க்காத இரண்டு ஆட்கள், நேற்றுச் சாயங்காலம் விட்ட பேச்சைத் தொடர்வது போல அரை மணி நேரம் பேசினார்கள். மடியில் தட்டை வைத்துக்கொண்டு எனக்குக் கை வலித்தது.

"போதும்" என்றேன். "போட்டு கெடக்கட்டும். ரவி, தீபிகாவுக்குக் கல்யாணம். உனக்குத்தான் மொத பத்திரிகை. நீதான் வந்து அவ கையப் புடிச்சி கூட்டிட்டு வரணும். அவர் அன்னிக்குச் சொன்னது தப்புதான். அதுக்குத்தான் ஏழு மாசமா இத்த வெச்சிகிட்டு எங்க உயிர வாங்கினாரு. வாயில வராதுடா அவருக்கு. நான் சொல்றேன், போதுமா?"

ரவி நிமிர்ந்தான்.

"மாமா சொன்னதா?" என்றான். "மாமா யாரத்தான் வுட்டாரு? எங்கப்பாவையே சொல்லிக்கிறாரு. அத்தல்லாம் நான் அன்னிக்கே மறந்துட்டேன்."

"பின்னே ஏண்டா வரல?"

அவன் படகின் கம்பியை விரலால் தொட்டுக்கொண்டிருந்தான்.

"நீ சிரிச்சக்கா" என்றான். "ரச வாளியோட எனக்கு நேரா நின்னுகிட்டு. எல்லாரும் சிரிச்சாங்க, அவுங்கள நான் பாக்கல. நீ தெருத்தெருவா எந்தம்பி மிலிட்டரி, எந்தம்பி மிலிட்டரினு சொல்லிட்டுத் திரிஞ்சவ. நீயே சிரிச்சப்போ, எல்லாம் சும்மாதான் சொல்லிட்டிருந்தா போலன்னு ஆயிடுச்சு."

நான் எங்கே சிரித்தேன் என்று கேட்க வாயெடுத்தேன். சிரித்திருந்தேன். வாளி ஆடி, கரண்டி விளிம்பில் இடிக்கிற அளவுக்குச் சிரித்திருந்தேன். இவர் பரிசல் என்று சொன்ன விதம் அப்படி. அதன் பிறகு அவன் எழுந்து போனதைப் பார்த்தேன், பக்கத்து இலைக்கு ரசம் ஊற்றினேன். ஆறு வருஷமாக அந்தப் பந்தியை நான் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். ஒரு தடவைகூட நான் அதில் இருந்ததில்லை.

பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன். மற்ற நேரமாக இருந்தால் ஏதாவது சொல்லிச் சிரிக்க வைத்துவிடுவார். அவர் நோட்டை மூடிப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இரு, நான் போய் எல்லாருக்கும் காபி போட்டு எடுத்துட்டு வரேன்" என்று எழுந்தேன். "உனக்குச் சுக்கு தட்டிப் போட்டா புடிக்கும்ல."

"காபி விஜி போடுவா" என்றான் ரவி. "நீ உக்காரு."

உட்கார்ந்தேன். என் வீட்டுக்காரரை முப்பத்தொரு வருஷமாக ஒரு வார்த்தை சொல்லுங்கள், ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று பிடுங்கியவள் நான். வாயில் கொழுக்கட்டையா என்று கேட்டவள். அந்த ஒரு வார்த்தை எவ்வளவு கனம் என்று அதுவரை எனக்குத் தெரியாது. தொண்டை வரைக்கும் வந்துவிட்டுத் திரும்பிப் போனது. இரண்டாவது தடவையும் போனது. விஜி அடுக்களையில் பாத்திரத்தை எடுத்து வைக்கும் சத்தம்கூட நின்றுவிட்டது.

"சிரிச்சேன் ரவி" என்றேன். "தப்பு."

அவ்வளவுதான் வந்தது. அவன் கண்ணாடியைக் கழற்றி பனியனில் துடைத்தான். ரொம்ப நேரம் துடைத்தான். பிறகு எழுந்து வந்து, இரண்டு கையையும் நீட்டித் தட்டை வாங்கிக்கொண்டான்.

"என்னிக்குக் கல்யாணம்?" என்றான்.

பத்திரிகையில் போட்டிருக்கிறதே, படித்துப் பார் என்றுதான் எப்போதும் சொல்லியிருப்பேன்.

"தை பதினஞ்சு" என்றேன். "வியாழக்கெழம."